ஆய்வகத்தின் தேர்ந்த கைகளை யார் காப்பாற்றுவது?

தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால், பல்கலைக்கழகத்தின் செல் உயிரியல் துறையில் முதலில் திறக்கப்படுவது கன்ஃபோகல் நுண்ணோக்கி இருக்கும் அறை. கோடிக்கணக்கில் விலை போகும் கருவி, குளிரூட்டிய அறை, சுவரில் நிதி தந்த அமைப்பின் பெயர்ப்பலகை. அடுத்த கதவைப் பெரும்பாலும் யாரும் திறந்து காட்டுவதில்லை. வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை எரிசாராயத்தால் துடைத்துக்கொண்டு நுழைய வேண்டிய சின்ன அறை அது. ஆய்வு மாணவர்கள் அதைக் ‘கல்ச்சர் ரூம்’ என்பார்கள். உள்ளே ஒருவர், அநேகமாக ஒரு பெண், வடிகட்டிய காற்று ஓடும் கண்ணாடிக் கூண்டுக்குள் இரு கைகளையும் நீட்டி, சிவந்த திரவத்தில் வளரும் செல்களை ஒரு குடுவையிலிருந்து இன்னொரு குடுவைக்கு மாற்றிக்கொண்டிருப்பார். அவர் பத்து நாள் வராமல் போனால், அடுத்த அறையின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க உயிருள்ள செல் இருக்காது.

அந்தப் பெண் முனைவர் பட்ட மாணவியாக இருக்கலாம். ஏதோ ஒரு திட்டத்தின் நிதியில் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ எடுக்கப்பட்ட ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இருக்கலாம். தொகுப்பூதியத்தில், ஒவ்வோர் ஆண்டும் பணி நீட்டிப்பு ஆணைக்குக் காத்திருக்கும் ஆய்வக உதவியாளராகவும் இருக்கலாம். இவர்களில் எவருக்கும், சில ஆண்டுகள் கழித்து அதே அறையில் அதே வேலையில் இருப்போம் என்ற உறுதி கிடையாது.

நம் பல்கலைக்கழகங்கள் கருவி வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டன. கருவிக்குப் பின்னால் இருக்கும் தேர்ந்த கைகளை வளர்க்கவும் தக்கவைக்கவும் இன்னும் கற்கவில்லை. செல் உயிரியலில் நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எட்டியிருக்க வேண்டிய உயரத்தை எட்டாமல் போனதற்கு இது முதன்மையான காரணங்களில் ஒன்று என்பது என் உறுதியான கருத்து.

அந்த வேலையின் தன்மையைத் தெரிந்துகொண்டால்தான் இழப்பின் அளவு புரியும். உடலுக்கு வெளியே செல்லை வாழவைக்க 37 டிகிரி வெப்பம் வேண்டும். 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடு கலந்த, ஈரம் குறையாத காற்று வேண்டும். சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள், வைட்டமின்கள் கலந்த மீடியம் வேண்டும். அதில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு, மாட்டின் வயிற்றுக் கன்றிலிருந்து எடுத்த சீரம். மீடியத்தில் கலந்திருக்கும் சாயம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போனால் கழிவு சேர்ந்துவிட்டது, உணவு மாற்ற வேண்டும். ஊதா கலந்த இளஞ்சிவப்புக்குப் போனால் கார்பன் டைஆக்சைடு சிலிண்டர் தீர்ந்துபோயிருக்கலாம். செல்கள் தட்டை நிறைத்துவிட்டால், டிரிப்ஸின் என்ற நொதியை ஊற்றி அவற்றைத் தரையிலிருந்து விடுவித்து, எண்ணி, புதிய குடுவைகளில் பிரித்துப் போட வேண்டும். நொதியில் அதிக நேரம் கிடந்தால் செல் சிதையும். அவசரப்பட்டு எடுத்தால் கொத்துக் கொத்தாக வரும். எத்தனை நிமிடம் என்று செய்முறைத் தாளில் எழுதியிருக்கும். கைதேர்ந்தவர் தாளைப் பார்ப்பதில்லை. குடுவையை லேசாகச் சாய்த்து, செல்களின் விளிம்பு உருண்டு எழுவதை நுண்ணோக்கியில் பார்த்து, அந்த நொடியில் நிறுத்துவார். வீட்டில் உறைமோர் பாத்திரம் மாறி மாறி ஆண்டுக்கணக்கில் உயிரோடு வருவதுபோல, ஒரு செல் வரிசையும் ஆய்வகத்தில் கைமாறிக் கைமாறித்தான் வருகிறது.

செல்லுக்கு ஞாயிறும் தெரியாது, பொங்கலும் தெரியாது. வேகமாகப் பெருகும் செல்கள் ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிப்பாகிவிடும். நான்கு நாள் தொடர் விடுமுறை வந்தால் யார் ஊருக்குப் போவது, யார் இருந்து மீடியம் மாற்றுவது என்று ஆய்வக மாணவர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்வார்கள். மே மாதத்தில் மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பவரும் அவர்களில் ஒருவர்தான். உறைநிலைக் கிடங்கில், கழித்தல் 196 டிகிரி திரவ நைட்ரஜனில், முந்தைய மாணவர்கள் சேமித்துவிட்டுப் போன செல்கள் நூற்றுக்கணக்கான சிறு குப்பிகளில் உறங்குகின்றன. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளைக் காக்கும் அதே திரவ நைட்ரஜன்தான். அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். குச்சி விட்டு மட்டம் பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்ப ஆள் இல்லாத ஒரு கோடை விடுமுறை போதும், பல ஆண்டுகளின் உழைப்பு அழிந்துபோகும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரியும் உண்டு. பாக்டீரியா புகுந்தால் மீடியம் கலங்கும். பூஞ்சை புகுந்தால் பஞ்சுபோல் மிதக்கும். மைக்கோபிளாஸ்மா புகுந்தால் ஒன்றுமே தெரியாது. மீடியம் கலங்காது, வழக்கமான நுண்ணோக்கியில் பிடிபடாது. செல்சுவர் இல்லாத உயிரி என்பதால் பென்சிலினுக்கும் கட்டுப்படாது. செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும், ஆனால் அவற்றின் நடத்தை மாறிவிடும். வெளிவரும் முடிவுகள் பொய்யாகும். பி.சி.ஆர். சோதனையோ டி.என்.ஏ. சாயச் சோதனையோ முறையாக, தவணை தவறாமல் செய்துவந்தால்தான் பிடிக்க முடியும். அப்படிச் செய்ய அந்த அறையின் வரலாறு தெரிந்த ஒருவர் நிலையாக அங்கே இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கொரு முறை ஆள் மாறும் அறையில் அந்தத் தொடர்ச்சிக்கு வாய்ப்பில்லை.

தேர்ந்த கைகளின் மதிப்புக்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1951 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த ஜார்ஜ் கை என்பவரின் திசு வளர்ப்பு ஆய்வகத்துக்கு ஒரு புற்றுக்கட்டித் துணுக்கு வந்தது. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாயிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட துணுக்கு. அதை நறுக்கி, கோழி இரத்தத்தின் உறைவில் பதித்து, சோதனைக் குழாய்களில் இட்டு, நோயாளியின் பெயர், குடும்பப் பெயர் இரண்டிலிருந்தும் முதல் ஈரெழுத்தை எடுத்து ‘ஹீலா’ என்று எழுதி வைத்தவர் மேரி குபிசெக் என்ற ஆய்வக உதவியாளர். அவருக்கு அப்போது 21 வயது. அந்த ஆய்வகத்துக்கு வந்த எத்தனையோ துணுக்குகள் அதற்கு முன் செத்துப்போயிருந்தன. இதுவும் சாகும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். ஆனாலும் கையில் ஒழுங்கு குறையவில்லை. உடலுக்கு வெளியே முடிவின்றிப் பெருகிய முதல் மனிதச் செல் வரிசை அப்படித்தான் உலகுக்குக் கிடைத்தது.

அந்த ஆய்வகத்தில் அவர் மட்டுமா இருந்தார்? ஜார்ஜ் கையின் மனைவி மார்கரெட், அறுவை அரங்குச் செவிலியராகப் பயிற்சி பெற்றவர். அறுவை அரங்கின் தூய்மை ஒழுங்கை அப்படியே திசு வளர்ப்பு அறைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பிளாஸ்டிக் குடுவைகள் வராத காலம் அது. ஒவ்வொரு கண்ணாடிக் குழாயையும் கழுவி, அலசி, சோப்பின் தடம்கூட இல்லாமல் காயவைத்து, நுண்ணுயிர் நீக்கி எடுக்க வேண்டும். சோப்பு எச்சம் இருந்தாலே செல் செத்துவிடும். அந்த ஆய்வகத்தில் கண்ணாடி கழுவுவதையே முழுநேர வேலையாகச் செய்த மின்னி என்ற பெண் இருந்தார். ஹீலாவுக்குப் பின்னால் அவருடைய கைகளும் இருந்தன என்று சொல்வது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. செல் வளர்ப்பில் தோல்விக்கான காரணங்களில் பல கழுவும் தொட்டியில் தொடங்கிய காலம் அது.

ஜார்ஜ் கை ஒரு நல்ல காரியம் செய்தார். 1952இல் ‘கேன்சர் ரிசர்ச்’ இதழில் அந்தச் செல்களைப் பற்றிய முதல் சுருக்கம் வெளியானபோது ஆசிரியர் வரிசையில் மேரி குபிசெக்கின் பெயரும் இருந்தது. ஆனால் செல்லுக்கு உரிய பெண்ணின் பெயர் பல ஆண்டுகள் மறைந்தே கிடந்தது. லாக்ஸ் 1951 அக்டோபரில், 31 வயதில் இறந்துபோனார். அவருடைய செல்களை வைத்து உலகம் பொருளீட்டியது. அவருடைய வாரிசுகளுக்கு உடன்பாடு வழியே ஓர் ஈடு கிடைக்க 2023 ஆகஸ்ட் வரை ஆயிற்று. அந்த அநீதியை மறந்துவிட்டு ஆய்வகக் கைகளைப் புகழ முடியாது. ஆய்வகத்தில் வேலை செய்பவர்களுக்கும், தங்கள் உடலிலிருந்து கொடுப்பவர்களுக்கும், இருவருக்குமே பெயர் உண்டு என்பதை இந்தத் துறை மிகத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது.

ஹீலாவின் அடுத்த கட்டத்தை நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. 1953இல் போலியோ தடுப்பூசியைக் களச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஊசி போட்ட குழந்தைகளின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கிறதா என்று பார்க்க, மிகப் பெரிய அளவில் உயிருள்ள செல்கள் வேண்டும். அந்தப் பொறுப்பு அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்கு வந்தது. கறுப்பினத்தவருக்காக நடந்த கல்லூரி அது. ரசல் பிரவுன், ஜேம்ஸ் ஹென்டர்சன் என்ற இரு கறுப்பின அறிவியலாளர்கள் பொறுப்பேற்றார்கள். அவர்களிடம் பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்களில் பலர் இளம் கறுப்பினப் பெண்கள். உச்சத்தில் இருந்தபோது வாரத்துக்கு 20,000 குழாய்கள் அங்கிருந்து தயாராயின. சுமார் இரண்டு ஆண்டுகளில் ஆறு லட்சம் அளவில் செல் வளர்ப்புக் குழாய்களை நாடெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கத் தென்பகுதியின் கோடை வெயிலில் செல்கள் செத்துப்போகாமல் அனுப்பும் முறையை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள். பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார உரிமையில்லாத பெண்கள், அமெரிக்கக் குழந்தைகளின் கால்களைக் காப்பாற்றும் சோதனைக்கு அடித்தளம் இட்டார்கள். 1955 ஏப்ரல் 12 அன்று தடுப்பூசி பலனளிக்கிறது என்ற அறிவிப்பு வந்தபோது தேவாலய மணிகள் அடித்தன. டஸ்கீகியின் பெயரை அன்று எத்தனை பேர் சொன்னார்கள்?

அவர்களால் அதைச் சாதிக்க முடிந்ததற்குக் காரணம், செல் வளர்ப்பை நிலையான, சம்பளம் உள்ள, பயிற்சி தந்து செய்விக்கும் வேலையாக அங்கே நடத்தினார்கள் என்பதே. பட்டத்துக்காக மூன்றாண்டு வந்து போகும் மாணவர்களை மட்டும் நம்பியிருந்தால் வாரத்துக்கு இருபதாயிரம் குழாய் என்பது கனவாகவே இருந்திருக்கும்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். ஜீன் பர்டி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் ஆய்வகத்தில், ராபர்ட் எட்வர்ட்ஸிடம் 1968இல் உதவியாளராகச் சேர்ந்த செவிலியர். மனித முட்டைச் செல்லை உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் முயற்சியில், மீடியம் தயாரிப்பதிலிருந்து கருவின் பிளவுகளைப் பதிவுசெய்வது வரை அவர் கையில் இருந்தது. மகப்பேறு மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ இருந்த ஓல்டாமுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் பயணம் செய்தார். அவருடைய தாய் நோயுற்று அவர் விடுப்பில் இருந்த காலத்தில் அந்த வேலையே நின்றுபோனது. 1978 ஜூலை 25 அன்று உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறப்பதற்குக் காரணமான கரு பிரிந்துகொண்டிருப்பதை முதலில் நுண்ணோக்கியில் கண்டவர் ஜீன் பர்டிதான்.

ஓல்டாமில் இந்தச் சாதனைக்கு நினைவுப் பலகை வைத்தபோது அவர் பெயரை விட்டுவிட்டார்கள். தன் அளவுக்கே அவரும் பங்களித்திருக்கிறார் என்று எட்வர்ட்ஸ் எழுதி முறையிட்டும் பலன் இல்லை. பர்டி 1985இல், 39 வயதில் புற்றுநோயால் இறந்தார். எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு வந்தது. பர்டியின் பெயரும் சேர்ந்த பலகை 2015இல்தான் வைக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு பெரிய ஊரிலும் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. அந்த மையங்களில் கருவியலாளர் என்ற பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் செய்வது, அந்த வேலைக்கு முறையான பெயர்கூட இல்லாத காலத்தில் ஜீன் பர்டி செய்த வேலையைத்தான்.

பட்ட மாணவர்களின் பங்கும் சிறியதல்ல. செல் தன் பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் ஆட்டோபேஜி ஆய்வுக்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் தனியாக நோபல் பரிசு கிடைத்தது. அந்த நிகழ்வுக்குக் காரணமான மரபணுக்களைக் கண்டறிய, ஈஸ்ட்டின் ஆயிரக்கணக்கான திரிபுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சலித்தெடுத்தவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவருடைய மாணவியாக இருந்த மிகி சுகாடா. 1993இல் வெளியான அந்தக் கட்டுரையில் முதல் பெயர் மாணவியினுடையது. பேராசிரியருக்குக் கேள்வி தோன்றலாம். அந்தக் கேள்விக்கு விடை தேடி ஆயிரம் முறை கண்ணை நுண்ணோக்கியில் வைக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் நாளை சோற்றுக்கு என்ன செய்வது என்று யோசிக்காமல் இருக்க வேண்டும்.

இங்கே நிலைமை எப்படி? நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றவருக்கு 2019 முதல் மாதம் 31,000 ரூபாய், 2023 முதல் 37,000 ரூபாய். இரண்டாண்டு முடிந்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆனால் இப்போது 42,000 ரூபாய். 2019 உயர்வுக்காக நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. கிடைப்பவர்களுக்குக்கூட மாதந்தோறும் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் நின்றுபோய் ஒரே தவணையாக வருவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தகுதி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு மாதம் 8,000 ரூபாய். இந்தத் தொகை 2012இல் நிர்ணயித்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு இதுவும் இல்லை. வழிகாட்டிப் பேராசிரியருக்குத் திட்ட நிதி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. திட்ட நிதி மூன்றாண்டில் முடியும். செல் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் அதைத் தாண்டிப் போகும். இடைவெளியை மாணவர்கள் டியூஷன் எடுத்தும், கடன் வாங்கியும், வீட்டில் கேட்டும் கடக்கிறார்கள்.

நம் மாநிலத்தில் இந்தத் துறைக்கு வருபவர்களில் பெண்கள் ஏராளம். குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் பலர். இருபத்தெட்டு வயதாகியும் சம்பளம் இல்லாத படிப்பா என்ற கேள்விக்கு அவர்கள் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். செல்லுக்கு இரவு பத்து மணிக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்றால், விடுதி வாயில் எட்டரைக்கு மூடிவிடும். கடைசிப் பேருந்து ஒன்பது மணிக்கு. பரிசோதனையின் நேரத்தைச் செல்கள் தீர்மானிக்கின்றன. மாணவியின் நேரத்தை விடுதிக் காப்பாளர் தீர்மானிக்கிறார். இரண்டுக்கும் நடுவில் அவர் அடுத்த நாள் காலை வரவேண்டிய முடிவை இழக்கிறார். ஆய்வகத்துக்குப் பாதுகாப்பான இரவு ஏற்பாடு, ஒரு காவலர், வளாகத்துக்குள் ஒரு வண்டி. இவற்றைச் செய்ய ஆராய்ச்சி நிதி தேவையில்லை, நிர்வாகத்தின் அக்கறை போதும்.

தொழில்நுட்பப் பணியாளர்களின் நிலை இதைவிட மோசம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் ஆண்டுகள் ஓடுகின்றன. நிரப்பினாலும் தொகுப்பூதியம், தினக்கூலி, அவுட்சோர்சிங். ஆட்டோகிளேவை 121 டிகிரியில் எத்தனை நிமிடம் ஓட்ட வேண்டும், எந்தச் சீரம் தொகுதி செல்லுக்கு ஒத்துக்கொண்டது, எந்தக் கூண்டின் வடிகட்டி மாற்ற வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் ஒருவர் தலையில் இருக்கும். அவர் போனால் அதுவும் போகும். அடுத்த ஆண்டு புதிதாகச் சேரும் மாணவி, போன ஆண்டு மாணவி செய்த அதே தவறுகளை முதலிலிருந்து செய்து கற்க வேண்டும். நுண்ணோக்கியை வாங்கித் தந்த மத்திய அரசின் திட்டங்கள் அதை இயக்கும் ஆளுக்கு நிரந்தரச் சம்பளம் தருவதில்லை. அது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்கின்றன. பல்கலைக்கழகம் மாநில நிதித்துறையைக் காட்டுகிறது. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த இரண்டாம் ஆண்டில் கருவி துணி போர்த்திக் கிடக்கிறது.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாம் செலவிடுவது 0.64 சதவீதம் என்று அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது. அதை உயர்த்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பணம் கூடினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் ஆய்வக ரசாயனங்களுக்கான சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்ந்தபோது விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அரசு இறங்கி வந்தது. ரசாயனத்துக்காக எழுந்த அந்தக் குரல், அந்த ரசாயனத்தைக் கையாளும் மனிதர்களின் பணியிடங்களுக்காக ஏன் எழவில்லை? பேராசிரியர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். தங்கள் ஆய்வகத்தில் பத்தாண்டு உழைத்த உதவியாளருக்காகத் துணைவேந்தர் அறைக்குப் போய் நின்ற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மிகச் சிலர்.

மாணவர்களே எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளட்டும், அதுதானே பயிற்சி என்று சில மூத்த பேராசிரியர்கள் சொல்வார்கள். மாணவர் கற்க வேண்டும் என்பது சரி. கற்றுக்கொடுக்க அங்கே நிலையான ஒருவர் இருக்க வேண்டாமா? செல்களை அடையாளம் மாறாமல் வைத்திருப்பதே எவ்வளவு கடினம் என்பதை 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் உலகுக்குக் காட்டினார். வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட 18 செல் வரிசைகள் உண்மையில் ஹீலா செல்களே என்று அவர் நிறுவினார். ஒரு குடுவையில் தொட்ட குழாய் இன்னொரு குடுவையில் பட்டது, அவ்வளவுதான். வேகமாகப் பெருகும் ஹீலா மற்றதை விழுங்கிவிட்டது. அப்படி அடையாளம் தவறிய செல் வரிசைகளின் பன்னாட்டுப் பட்டியலில் இன்று 500க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. நம் ஆய்வகங்கள் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து செல்களை வாங்குகின்றன. வரும்போது நல்ல நிலையில்தான் வருகின்றன. வந்தபின் பத்து ஆண்டில் எத்தனை கை மாறின, எத்தனை முறை பிரித்துப் போட்டார்கள், எப்போது அடையாளச் சோதனை செய்தார்கள் என்ற ஏட்டைப் பொறுப்போடு பராமரிக்கும் ஒருவர் இல்லாவிட்டால், அந்தச் செல்களைக் கொண்டு எழுதிய ஆய்வேட்டின் மதிப்பு என்ன?

துறையை விட்டுப் போனவர்களை நாம் கணக்கெடுப்பதும் இல்லை. டக்ளஸ் பிராஷர் என்ற அமெரிக்கர், ஜெல்லி மீனில் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை 1992இல் பிரித்தெடுத்தார். நிதி நின்றுபோனபோது அந்த மரபணுவைக் கேட்ட இருவருக்கு அனுப்பிவிட்டு அந்த ஆய்விலிருந்து விலகினார். அந்தப் புரதம் செல் உயிரியலின் முகத்தையே மாற்றியது. கன்ஃபோகல் நுண்ணோக்கிகள் இன்று பார்க்கும் ஒளியில் கணிசமான பகுதி அதிலிருந்து வந்தது. 2008இல் அதற்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது பிராஷர் ஒரு கார் விற்பனையகத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பரிசு பெற்றவர்களில் ஒருவர் பின்னர் அவருக்குத் தன் ஆய்வகத்தில் வேலை தந்தார். நம் ஊரில் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகவும், தனியார் பள்ளி ஆசிரியராகவும், வங்கி எழுத்தராகவும் மாறிவிட்ட கல்ச்சர் ரூம் கைகளை யார் தேடிப்போய் அழைத்தார்கள்? எந்த வேலையும் இழிவல்ல. ஐந்தாண்டு பொதுப்பணத்தில் பழகிய ஒரு திறமை பயன்படாமல் போவதுதான் வலிக்கிறது.

வழி தெரியாத சிக்கல் அல்ல இது. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) உள்ளிட்ட சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடங்களில் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கென்று தனிப் பணிவரிசை உண்டு. சேர்ந்தவர் தகுதிக்கேற்பப் படிப்படியாக மேலே போகலாம். பிரிட்டனில் 2017இல் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து, தொழில்நுட்பப் பணியாளர்களின் அங்கீகாரம், பணி வளர்ச்சி, துறையின் தொடர்ச்சி ஆகியவற்றுக்கு உறுதி தரும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அமெரிக்காவில் 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 48,000 மாணவ ஆய்வாளர்கள், முனைவருக்குப் பிந்தைய ஆய்வாளர்கள், பயிற்றுநர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றார்கள். இவை எல்லாம் கண்முன்னே இருக்கின்றன.

தமிழ்நாடு அரசு தன் பல்கலைக்கழகங்களின் உயிரியல் துறைகளுக்கு முதலில் ஒரு தொழில்நுட்பப் பணிவரிசையை உருவாக்க வேண்டும். துறைக்கு இருவர் போதும்: செல் வளர்ப்புக்கு ஒருவர், நுண்ணோக்கி முதலிய கருவிகளுக்கு ஒருவர். நிரந்தரப் பணி, முறையான ஊதியம், பதவி உயர்வு. ஏற்கெனவே தொகுப்பூதியத்தில் உழைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் முன்னுரிமை. உதவித்தொகை இல்லாத முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக் கணக்கில் சேர்ப்பது மாநில அரசுக்குப் பெரும் சுமை அல்ல. பேராசிரியர்களும் ஒன்று செய்யலாம்: கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லி முடிக்காமல், உண்மையில் உழைத்த உதவியாளரின் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்க்கலாம். 1952இலேயே ஜார்ஜ் கை அதைச் செய்திருக்கிறார்.

நுண்ணோக்கிக்கோ, செல் வளர்ப்புக் கூடத்துக்கோ ஒப்புதல் கேட்டு, பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டுக்கு வரும் ஒவ்வொரு கோப்பிலும், அதை இயக்கும் ஆளின் பணியிடமும் சம்பளத் தலைப்பும் குறிப்பிட்டிருக்க வேண்டும். அது இல்லாத கோப்பில் கையெழுத்திட வேண்டாம் என்று சிண்டிகேட் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.